பழுதுக் குறிப்பு

ஈஸ்ட் கோஸ்ட் கடலில் என்னை முக்கி எடுத்தபோது
வயது இருபத்தாறு.
உணர்ந்தாயா தம்பி என்றார் போதகர்.
உணர்ந்தேன் என்றேன்.
உண்மையில் காதுக்குள் தண்ணீர்,
தூரத்தில் துறைமுகம் கூப்பிடக் காத்துநிற்கும் கப்பல்கள்,
வேறொன்றும் இல்லை.

அதற்கப்புறம் பதினான்கு வருடம்.
தை செங் தொழிற்பேட்டை, ஏழாம் மாடி.
கீழே பேக்கரி, மேலே நாங்கள்,
ரொட்டி வேகும் வாசனையோடு ஆராதனை.
சகோதரி ஹெப்சிபாவிடம் கர்த்தர்
முட்டைக்கோஸ் பொறுக்கும்போதுகூடப் பேசுகிறார்.
சகோதரர் கிதியோனை விடிகாலை மூன்று மணிக்கு எழுப்புகிறார்.
மூன்று மணிக்கு நானும் விழித்துத்தான் இருக்கிறேன்.
இரவுப் பணி.
மின்தூக்கி அவசர அழைப்பு மையம்.

புதன்கிழமை, இரண்டு நாற்பது.
தோ பாயோவில் ஒரு புளோக்,
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே.
"ஹலோ? ஹலோ?"
மைக்கை அழுத்திப் பதில் சொன்னேன்.
"ஹலோ?"
ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றேன்.
"எவனும் இல்ல" என்றது தமிழில் ஒரு பெண்குரல்.
என் குரல் போய்ச்சேரவில்லை.
அவள் பக்கத்துச் சத்தம் மட்டும் வந்தது,
பை உரசுவது, செருப்பைக் கழற்றுவது, மூச்சு, எல்லாம்.
ரஃபீக்கை அனுப்பினேன்.
பிராடல் சாலையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்,
சுற்றித்தான் வரவேண்டும்.

பத்தொன்பது நிமிடம்.
முதலில் நகர மன்றத்தைத் திட்டினாள்,
அடுத்து பொத்தானை,
அதன்பின் யாரையென்று தெரியவில்லை:
"இருந்தா பேசு. இல்லேன்னா எதுக்கு இந்த செவப்பு வெளக்கு?"
தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.
மகன் காசை எடுத்துக்கொண்டு போனது,
ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கையில் கை நடுங்குவது,
அதை மேற்பார்வையாளரிடம் மறைப்பது.
யாருமில்லை என்று அத்தனை உறுதியாகச் சொன்னவள்
யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.
இருக்கிறேன் அக்கா, கேட்கிறது, கேட்கிறது என்று
செத்த மைக்கில் கத்திக்கொண்டிருந்தேன்.
மேசையில் மீ கோரெங் ஆறிப்போனது.

எனக்குத் தெரியும்,
இதைச் சொன்னால் போதகர் ஒரு பிரசங்கத்தையே கட்டிவிடுவார்.
ஆமென் என்பார்கள்.
ஆனால் நான் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவன்.
பதினோராம் நிமிடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது.
ரஃபீக் வராமலே போயிருந்தால்
நான் கேட்டதில் அவளுக்கு என்ன இரட்சிப்பு?
நடுவில் தொங்குகிறவர்களுக்கு
ஒருவர் கேட்கிறார் என்பது போதுமா?
இந்தக் கேள்வியை எந்தக் கீர்த்தனையாலும்
மூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு ரஃபீக் சொன்னான்.
கதவு திறந்ததும், உள்ளே யாருமே பேசவில்லை என்று
அவனிடம் குறைப்பட்டாளாம்.
மையத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்றானாம்.
முகம் மாறிவிட்டது.
எல்லாத்தையுமா?
வாயைப் பொத்திக்கொண்டு
மீதி மாடிகளைப் படியில் ஏறிப் போய்விட்டாள்.

அதுதான் என்னை விடவில்லை.
கேட்க ஆளில்லை என்ற கோபத்திலேயே
பதினான்கு வருடம் ஓட்டிவிட்டேன்.
கேட்டிருந்தால்?
கடற்கரையில் சொன்ன அந்தப் பொய் முதல்,
எல்லாத்தையுமா?

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஒலிபெருக்கி பழுது. அழைப்பு பெறப்பட்டது.

ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் எழவில்லை.
திங்கள் விடியலில் வீடு திரும்புகிறேன்,
மின்தூக்கியில் தனியே.
பொத்தான்களுக்கு மேலே அந்தச் சின்னத் துளைகள்.
அழுத்தவில்லை. அங்கே பணியில் இருப்பது பெஞ்சமின் கோ, பாவம்.
ஆண்டவரே என்றும் தொடங்கவில்லை.
இருந்தா பேசு, என்றேன்.
என் குரல்தானா என்றிருந்தது.
அன்னிக்குக் கடல்ல நான் ஒண்ணும் உணரல, என்றேன்.
ஐந்து. ஆறு.
இன்னும் கொஞ்சம் சொன்னேன், அதை இங்கே எழுதமாட்டேன்.

பதினொன்றில் கதவு திறந்தது.
எதிர்வீட்டுச் செருப்பு அலமாரி, துளசித்தொட்டி.
நான் முடித்திருக்கவில்லை.
கதவை மூடும் பொத்தானை அழுத்தினேன்.
கீழே யாரோ அழைத்திருக்க வேண்டும்.
பேசிக்கொண்டே இறங்கினேன்.