வலப்பக்கம்

படிவத்தில் 'உறவு' என்றொரு கட்டம்.
பேனாவை மூடினேன், திறந்தேன், மூடினேன்.
முன்னாள் மனைவி என்று எழுத அங்கே இடம் போதாது.
லெய்ரே காகிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து
ஒரே சொல்லில் நிரப்பினாள்.

நீ எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
கோல்தோவைப் பார்க்க அல்ல.
அவன் அடிவயிற்றின் வலப்பக்கத்தில்
என்னுடையது ஒன்று இருக்கிறது,
பதினோரு வருடமாக.

கொடுத்தது ஒரு மார்ச்சில்.
பிரிந்தது நான்கு வருடம் கழித்து.
வீடு அவனுக்கு, படகில் பாதி எனக்கு
என்று பட்டியலிட்டுக்கொண்டே வந்த வக்கீல்
ஓரிடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு மேசை நாற்காலிகளுக்குப் போய்விட்டார்.

டாக்டர் ஓலபாரி வரைந்து காட்டினார்.
இது மூத்திரப்பை. இதற்குக் கீழே
அக்ரூட் அளவில், எடுக்க வேண்டிய புராஸ்டேட்.
இங்கே (பேனா ஓர் அவரை விதையைப் போட்டது)
உங்களுடைய சிறுநீரகம்.
வழக்கமாய் ரோபோவின் கை ஒன்று நுழையும் இடம்.
இன்று அந்தத் துளையை மேலே தள்ளிப் போடுவோம்.
அந்தப் பக்கத்து நிணநீர்க் கணுக்களைத் தொட மாட்டோம்.
அதிலிருந்து வரும் குழாய், பிறவிக் குழாயில்லையா,
எங்கே குறுக்கிடும் என்று படமெடுத்து வைத்திருக்கிறோம்.
குடியிருப்பவர் தூங்கும்போது
பக்கத்து அறைச் சுவரை இடிப்பது மாதிரி, என்றார்.

அவன் உடம்பு அதை அயல் என்று கண்டுகொள்ளாதிருக்க
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை.
"காவலைத் தூங்கவைத்த மாத்திரைகள்தான்
இதையும் உள்ளே விட்டனவா?"
"தெரியாது. அறுபத்துமூன்று வயதில்
மாத்திரை விழுங்காதவர்களுக்கும் வருகிறது."
எனக்கு அந்தத் 'தெரியாது' பிடித்திருந்தது.

நான் பெர்மேயோவில் நெத்திலி ஆய்கிறவள்.
உப்பில் எட்டு மாதம் கிடந்த மீனின் நடுமுள்ளை
சதை பிய்யாமல் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும்.
முள் விட்டுக்கொடுப்பதற்குச் சற்று முன்னால்தான்
கை நடுங்கும்; முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.
ரோபோ நடுக்கத்தை வடிகட்டிவிடுமாம்.
மூலையில் ஒரு பெட்டிக்குள் முகம் கவிழ்த்து
டாக்டர் விரலசைப்பார்;
அங்கே அவனுக்குள் எஃகு விரல்கள் அசையும்.
வடிகட்டிய நடுக்கம் எங்கே போகும்?
லெய்ரேயின் முழங்கால் நிற்கவேயில்லை.

மூன்று மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.
ஜன்னலுக்கு வெளியே பில்பாவோ
நனையாமலும் காயாமலும் ஒரு தூறலில்.
தலை தாழ, கால் உயரச் சாய்த்திருப்பார்கள்,
குடலெல்லாம் நெஞ்சுப் பக்கம் சரிந்திருக்கும்,
அது மட்டும் தைத்த இடத்தில்,
நான் எங்கும் போகவில்லை என்று.
எனக்கு இடுப்பின் பின்னால் பழைய தழும்பு அரித்தது.
சொறியவில்லை, லெய்ரே பார்த்துக்கொண்டிருந்தாள்.
காபி வேண்டுமா என்றாள்.
இரண்டு சர்க்கரை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.
அவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஏழேகாலுக்கு டாக்டர் வந்தார், நெற்றியில் பட்டை பதிந்த தடம்.
முழுதாக எடுத்தாயிற்று. ரத்தம் அதிகம் போகவில்லை.
பையில் மூத்திரம் இறங்குகிறது.
மனைவிக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு
என் பக்கம் திரும்பினார்.
"பார்த்தேன். நேராக இல்லை,
படலத்துக்குப் பின்னால் ஒரு மேடாக.
எழுப்பவில்லை."
என் உறுப்பை நான் கண்டதில்லை.
கண்டவர் கையைப் பிடித்துக்கொண்டேன்;
கழுவிக் கழுவி வெளுத்திருந்தது, என் கை மாதிரியே.

எட்டு மணி.
லெய்ரேயின் கைப்பையில் அலாரம் அடித்தது.
என் கைப்பையிலும்.
ஏழு வருடமாக நான் அதை அழிக்கவில்லை,
மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வேன்.
இரண்டு போனும் வேறு வேறு மெட்டில்
ஆஸ்பத்திரி நடையில் கத்திக்கொண்டிருந்தன.
அவள் முதலில் அணைத்தாள்.
நான் இன்னும் கொஞ்சம் அடிக்க விட்டேன்.