லிண்டன் பார்த்தது

வீட்டு கேட்டிலிருந்து ஆப்பிள் கொட்டகை வரை
பதினான்கு கிலோமீட்டர்.
பிக்கப்பில் அவனுக்குப் பதினொரு நிமிடம்.
சைக்கிளில் எனக்கு ஐம்பது,
ஆற்றுக்காற்று எதிரே நின்றால் கணக்கில்லை.

அந்த ரோட்டில் என்னதான் இருக்கிறது, என்பான் லிண்டன்.
அவனுக்கு இருப்பவை செத்தவை மட்டும்.
வெள்ளைக்கோட்டின் மேல் உப்பிக்கிடக்கும் வாலபி,
வண்டிக்கு ஒதுங்கி மறுபடி உட்காரும் காக்கைகள்.
ஸ்டியரிங்கை விரலளவு ஒடித்துக் கடந்துவிடுவான்.

என்னிடம் ஒரு நோட்டு,
ரொட்டி டப்பாவுக்கு அடியில்.
சங்கு ஊதுமுன் கையுறை கழற்றி எழுதுவேன்.
விரல் விறைத்த நாட்களில்
எழுத்து செத்த எறும்புபோல் கிடக்கும்.

மே மூன்று. பாலத்தடியில் பிளாட்டிபஸ்.
முதலில் குமிழி, பிறகு முதுகு,
பிறகு வெறும் தண்ணீர்.

மே ஒன்பது. மூடுபனி.
வேலிக்கு அப்பால் எதுவோ என்கூடவே ஓடிவந்தது.
கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகஸ்டில் ஆட்காட்டிகள் முட்டையிட்டுவிட்டன,
ஹெல்மெட்டில் இரண்டு கொத்து.
எந்த ஊர் ஆட்காட்டிக்கும் வாய் ஒன்றுதான்.

நவம்பர். இறக்கம். தாரில் வெயில் காயும் புலிப்பாம்பு.
பிரேக் பிடிக்க இடமில்லை.
இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்குத் தூக்கிக்கொண்டு
ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கஸ்காரியாக.

வாம்பட்டைவிட வாம்பட் வைத்துப்போனது அதிகம்:
கல்லின்மேல் சதுரச் சதுரமாக,
பகடையில் தோற்றவன் பாதியில் எழுந்துபோனதுபோல்.

ஒருமுறை எக்கிட்னா, நடுரோட்டில்.
சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்றேன்.
மரலாரி ஹாரன் அடித்தது,
பிறகு எஞ்சினை அணைத்தது,
பிறகு ஜன்னலில் சிகரெட் புகை.
எக்கிட்னாவுக்கு அன்று வேறு வேலை இல்லை.

பதினோரு வருஷம், மூன்று நோட்டு.
ஒரு பக்கம் மட்டும் காலி.
தலைப்பு உண்டு, அடிக்கோடு உண்டு:
டெவில். உயிரோடு.
குரல் கேட்டிருக்கிறேன்,
துருப்பிடித்த கதவைப் பல்லால் திறப்பதுபோல்.
செத்த வாலபிகளை ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன்,
தின்ன வருவது அடுத்து சாகக்கூடாது என்று.
வந்துபோன அடையாளம் இருக்கும். வந்தது இருக்காது.

ஜூனில் ஒரு வியாழன்.
பிக்கப்புக்கு கியர்பாக்ஸ் போனது, எனக்குக் காய்ச்சல்.
என் சைக்கிளில் போனான்,
சீட்டை உயர்த்தக்கூடத் தெரியாமல்
முழங்கால் காதை இடிக்க.

இருட்டி நெடுநேரம் கழித்து வந்தான்.
இரண்டு முட்டியிலும் சேறு.
விழுந்தாயா?
இல்லை.
கெட்டில் கொதிக்கும்வரை முதுகைக் காட்டி நின்றான்.
நெஞ்சில் வெள்ளையாக ஒரு பட்டை இருக்குமா அதற்கு, என்றான்,
காது, வெளிச்சம் பட்டால், சிவப்பாக?

பதினோரு வருஷம்.
ஆலங்கட்டி மழையில் போனது யார்,
செயினுக்கு எண்ணெய் விட்டது யார்,
விடிகாலை நான்கரைக்கு எழுந்தது யார்.
ஒரே ஒரு நாள். இவனுக்கு.

எவ்வளவு நேரம் நின்றது?
தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன்.
அதற்கப்புறமும் மூச்சு கேட்டது.

நோட்டை அவன்முன் போட்டேன், பேனாவோடு.
எழுதினான்:
கறுப்பு. நினைத்ததைவிடச் சின்னது. நகர்ந்து வழி விட்டேன்.
கீழே இன்னொரு வரி எழுதி
நன்றாக அடித்திருந்தான்.
பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தும்
படிக்க முடியவில்லை.

பிக்கப் சரியாகிவிட்டது.
இப்போதெல்லாம் லிண்டன் கொட்டகைக்குத்
தாமதமாக வருகிறானாம், ஐந்து ஆறு நிமிடம்.
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வளைவில் தினமும்
விளக்கணைத்து நிற்கிறேன்.
பேடிமெலன் வருகிறது. ஆந்தை வருகிறது.
நேற்று வாம்பட்டே வந்து
முன்சக்கரத்தை முகர்ந்தது.
எழுதிக்கொள்கிறேன் எல்லாவற்றையும்,
பல்லைக் கடித்துக்கொண்டு.