பெயரில்லாத சாம்பல் கம்பி

மன்றக் கூடத்தின் ஒலி அலமாரியை
முன்பக்கம் எல்லோருக்கும் தெரியும்:
கண்ணாடிக் கதவு, பச்சைப் பொட்டுகள்,
மேயர் விருந்தாளிகளுக்குக் காட்டும் ஒழுங்கு.
அதன் முதுகைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.
முதலில் எலியேசர்.
அவன் வேலையை விட்டுப் போனபின் நான்.

நவம்பர். பூந்தா அரேனாஸில்
காற்று தெருமுனையில் ஆட்களை நிறுத்தி
விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்ள வைக்கும் மாதம்.
உள்ளே நான் மண்டியிட்டிருக்கிறேன்,
நெற்றியில் விளக்கு, மூக்கில் சளி.
புகார் ஒன்றுதான்:
பட்ஜெட் பேசும்போது திரை இருண்டுபோகிறது.

காரணம் எடை.
பதினெட்டுக் கம்பிகள் ஒரே குலையாகத் தொங்கித்
தம் பாரத்தையெல்லாம்
கட்டைவிரல் நகம் அளவுள்ள முனைகளில் இறக்கியிருந்தன.
முனை சொன்னதைக் கடத்தப் பிறந்தது.
பல்லால் வாளியைக் கவ்வியிருப்பவனிடம்
பேசு, பேசு என்றால்
எத்தனை நாள் பேசுவான்?

எலியேசர் சோம்பேறி இல்லை.
கட்ட வேண்டும் என்று தெரிந்தவன்.
எவ்வளவு கட்ட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.
பிளாஸ்டிக் கட்டுகளை அவன் இறுக்கிய இடத்தில்
கம்பிக்கு இடுப்பு வந்திருந்தது.
வெட்ட வெட்டத் தெறித்தன.
ஒன்று கன்னத்தைக் கீறியது.
அவனைக் கொஞ்சம் திட்டினேன்,
அவன் அம்மாவை விட்டுவிட்டு.

குறுக்குச் சட்டம் ஆறு பூட்டினேன்,
ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் ஒன்று.
மின்சாரம் இடப்பக்கம், குரல் வலப்பக்கம்,
சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில்
குறுக்கே வெட்டிக்கொண்டு போகட்டும்,
உரசியபடி கூட நடக்க வேண்டாம்.
வெல்க்ரோ, உள்ளே ஒரு விரல் நுழையும் தளர்வில்.
பெட்டியை வெளியே இழுத்தாலும் அறாதபடி
முழ நீளம் மிச்சம்.
இரு முனையிலும் ஒரே பெயர்.

இரவு பதினொன்றரைக்கு
கையில் மிஞ்சியது ஒரு சாம்பல் கம்பி.
பெயரில்லை. தரைக்குள் இறங்கிப் போகிறது.
கருவியை வைத்துப் பார்த்தேன், மூச்சில்லை.
(மூச்சு எப்படி இருக்கும்,
மைக்குகள் எல்லாம் தூங்கும் நேரத்தில்?
இதை இப்போது கேட்கிறேன்.
அப்போது வீட்டுக்குப் போகும் அவசரம்.)
பிடுங்கினேன். சுருட்டினேன்.
அலமாரியின் முதுகைப் படம் எடுத்து
தங்கைக்கு அனுப்பினேன்.
அழகு என்றாள், எது என்னவென்று தெரியாமலே.

வியாழக்கிழமை செயலாளர் அழைத்தாள்.
திரை நன்றாக இருக்கிறதாம். ஆனால்
இரண்டாம் வரிசை எவரிஸ்தோ பாரியா,
இறைச்சி ஆலையில் முப்பது வருடம்
ரம்பங்களுக்கு நடுவே நின்ற காதுக்காரர்,
தன் தெருப் பேருந்து நிறுத்தத்துக்குக்
காற்றுத் தடுப்பு எப்போது என்று
ஒவ்வொரு கேள்வி நேரத்திலும் கேட்பவர்,
செவ்வாய்க்கிழமை கேட்டாராம். பதில் வந்ததாம்.
எல்லோரும் வாயை மட்டும் அசைத்தார்களாம்.

கம்பளத்துக்கு அடியில் ஒரு செப்பு வளையம்
அந்த வரிசையைச் சுற்றி ஓடுகிறது.
காதுக் கருவியோடு நேராகப் பேசுகிற வளையம்.
அதற்குக் குரல் கொண்டுபோனது என் சாம்பல் கம்பி.
அவரோ யார்மீதும் குறை சொல்லவில்லை.
காதுதான் கடைசியாகக் கைவிட்டது என்று நினைத்து
இரண்டு முறை பேட்டரி வாங்கியிருக்கிறார்.

அதைக் கேட்டபின் ஒழுங்கைப் பற்றி
நான் யாரிடமும் பெருமை பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை திரும்ப மண்டியிட்டேன்.
சாம்பல் கம்பிக்கும் ஒரு தாங்கல், ஒரு வளைவு, ஒரு மிச்சம்.
சீட்டில் 'வளையம்' என்று எழுதினேன். போதவில்லை.
கீழே: 'பாரியா கேட்டுக்கொண்டிருக்கிறார். பிடுங்காதே.'

பிறகு மைக்கைத் தட்டி,
அலமாரிக்குப் பின்னாலிருந்தே,
ஒன்று, இரண்டு என்றேன்.

இரண்டாம் வரிசையிலிருந்து
திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:
உனக்கு நல்ல சளி பிடித்திருக்கிறது.