கால் நூல்

கரீஃப் மாதத்தில் சலாலா சனாயாவின்
தகரக் கூரைகளுக்கு வியர்க்கும்.
காலையில் துடைத்து வைத்த லேத்
மதியத்துக்குள் தேநீர் நிறம்.
இங்கே இரும்பை இரவில் தனியே விடக் கூடாது.

முசல்லம் ஹைலக்ஸை வாசல் அடைக்க நிறுத்திவிட்டு வந்தார்.
கம்பளியில் சுற்றியதை மேசையில் வைத்தார்.
அதன்மேல் உரிமச் சீட்டை.
அதன்மேல் தன் கையை.
"நான் இங்கேயே இருப்பேன், நீ பார்."
துப்பாக்கி அவர் பெயரில் இருக்கிறது,
நான் கஃபீல் பெயரில்.

ஒற்றைத் தோட்டா.
அடியில் நெம்பை இழுத்தால் வாய் திறக்கும்,
ஒன்று போடலாம், மூடலாம், சுடலாம்.
இரண்டாவது என்ற பேச்சே அதற்குத் தெரியாது.
"குறி தவறினால்?"
"ஓநாய்க்கு நல்ல நாள்."

அறை காலி என்று சுண்டுவிரல் விட்டுக் காட்டினார்.
பிறகு நானும் விட்டுப் பார்த்தேன்.
இந்த விஷயத்தில் மரியாதை பார்க்கக் கூடாது.

மூன்றுக்கு ஒன்று வெடிப்பதில்லையாம்.
வெடிக்காத நான்கைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பரப்பினார்.
அடியில் பித்தளைப் பொட்டுகளில்
ஊசி குத்திய பள்ளமே இல்லை,
கொசு உட்கார்ந்து எழுந்த தடம்தான்.

கழற்றினேன்.
ஊசி ஓடும் துளைக்குள்
மஞ்சளாய்ப் பிசின், அதில் ஆட்டு மயிர்.
முகர்ந்தேன். ஊர் ஞாபகம் வரவில்லை, கோபம் வந்தது.
"தேங்காய் எண்ணெயா விட்டீர்கள்?"
"சாலையோரக் கடை மலபாரி சொன்னான்,
எல்லாவற்றுக்கும் நல்லதென்று."

மண்ணெண்ணெயில் அலசினேன்.
ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது.
மைக்ரோமீட்டரில் ஊசியைப் பிடித்தேன்.
முனை முக்கால் மில்லி தேய்ந்திருந்தது.
நான் தொழில் பழகிய பீளமேட்டுக் கணக்கில்
கால் நூல்.

சில்வர் ஸ்டீலில் புது ஊசி கடைந்தேன்.
முனை கூராக இருக்கக் கூடாது,
கூர் பொட்டைத் துளைத்துவிடும்,
நெருப்பு சுடுகிறவன் கண்ணுக்கே திரும்பும்.
மொட்டையாகவும் இல்லாமல் உருண்டு இருக்க வேண்டும்,
பாதி தின்ற ஜவ்வரிசி போல.

லேத் சத்தத்துக்கு மேலே முசல்லம் சொல்லிக்கொண்டிருந்தார்:
தாக்காவுக்கு மேலே மலையில், பனிமூட்டத்தில்,
நாற்பது அடியில் நின்றது.
சுட்டேன். டிக்.
டிக் என்றால் உடனே திறக்கக் கூடாது, உனக்குத் தெரியும்,
சில மருந்து யோசித்து வெடிக்கும்.
குழலை அங்கேயே பிடித்து எண்ணினேன்.
அந்தச் சின்னச் சத்தத்துக்கு அது என்னைத் திரும்பிப் பார்த்தது.
பன்னிரண்டு. பதின்மூன்று.
இருபத்திரண்டில் உட்கார்ந்து காதைச் சொறிந்தது.
முப்பதில் எழுந்து போய்விட்டது.
மறுநாள் இரண்டு குட்டிகளைக் காணோம்.
அதுதானா, தெரியாது.

சிவக்கச் சுட்டு எண்ணெயில் முக்கினேன்.
புகையில் இருவரும் இருமினோம்.
மறுபடி இளஞ்சூட்டில் நீலம் வரும்வரை காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மலைக்குக் கூட்டிப் போனார்.
பெயிண்ட் டப்பா ஒன்றைக் கல்மேல் வைத்தார்.
நான் தொடவில்லை, காதைப் பொத்திக்கொண்டேன்.
பத்து போட்டார்.
பத்தும் வெடித்தன.
ஒவ்வொரு காலிக் குப்பியையும் பொறுக்கிப்
பொட்டின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இனி எண்ண வேண்டியதில்லை" என்றார்.
சந்தோஷமாகச் சொன்னது போல் இல்லை.
எனக்கும் என்ன பதில் என்று தெரியவில்லை.
பன்னிரண்டு ரியால் கொடுத்தார்,
எட்டுதான் கேட்டிருந்தேன்.
இறங்கும் வழியெல்லாம் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய ஊசி என்னிடம் இருக்கிறது.
துளையிடும் முன் தகட்டில் புள்ளி குத்த வைத்திருக்கிறேன்.
நன்றாகவே குத்துகிறது.
ரூபெல் கேட்கிறான்,
இதில் என்ன கோளாறு என்று மாற்றினீர்கள்?
கால் நூல் என்கிறேன்.
அவன் கண்ணருகே வைத்துப் பார்க்கிறான்,
ஒன்றும் தெரியவில்லை என்கிறான்.