நிறம்: இளம்பச்சை

ஆர்.சி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.
வண்டி வெள்ளை.
"டைப் அடிச்சவன் தூக்கத்துல அடிச்சிருப்பாம்மா"
என்றார் விற்ற திம்மராயன்.
கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. ஆபீசில்
அந்த ஒரு வரியில் விரலை வைத்து
மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.
முகம் தெரியாத அந்த டைப்பிஸ்டைத்
திட்டிக்கொண்டே மூன்று முறையும் படியிறங்கினேன்.

ஞாயிறு. காவேரிப்பட்டணம். வீட்டுக்குப் பின்னால்
குவாரியில் கழித்துப்போட்ட கிரானைட் கட்டைகள் மேல்
நாலு பக்கமும் தூக்கி உட்கார்த்தியாயிற்று
எழுபத்தாறாம் வருஷத்துப் பத்மினியை.
கல்லுக்கும் இரும்புக்கும் நடுவே ஸ்லீப்பர் கட்டை.
"ரெண்டு தடவ ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் படுங்க"
என்று போனில் சொன்னான் பழையபேட்டை நவ்ஷாத்.
ஐந்து தடவை ஆட்டிவிட்டுப் படுத்தேன்.

கிண்டி இறக்கி, தின்ன ஆளில்லாமல்
ஆறிப்போன கேழ்வரகுக் களி மாதிரி
விரல் தடிமனுக்குக் கிரீஸ்.
பட்டித் தகட்டைக் கொடுத்து நெம்பினால்
மேலே புழுதி, பூவாக உதிர்கிறது.
அடுத்தது இழுக்கிறது.
அதற்கும் கீழே இருப்பது பிடிவாதம்.

நாலுவழிச் சாலை போட்டபோது தெறித்த தார்.
கூழ் ஆலை வாசலில் ஏறி மிதித்த மாங்கொட்டை நார்.
கோழி இறகு ஒன்று.
ஒரு புளியங்கொட்டை. அது எப்படி
டிஃபரன்ஷியல் தலைமேல் போய் உட்கார்ந்தது என்று
டூத்பிரஷை வாயில் கவ்வியபடி
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
டீசல் தொட்ட பிரஷ் அது.
த்தூ.

மாடியிலிருந்து கலாவல்லி டீச்சர்:
"துணி காயுது, நாத்தம் ஏறுதுங்க!"
"ஆச்சு டீச்சர், ஆச்சு."
ஆகவில்லை.
டீசல் முழங்கையில் இறங்கி
அக்குளுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது.
தரையில் கொட்டிய மரத்தூள்
முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

பின்சக்கர வளைவு சுத்தமாக இருந்தது.
வாரம் தவறாமல் பைப் பிடித்துக் கழுவிய இடம்.
ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன்.
பொத்தென்று உள்ளே போனது.
அப்பளம்.

கியர்பெட்டிக்குப் பின்னால்,
சீல் ஒழுகி ஒழுகி, காற்று பின்னுக்குத் தள்ளித் தள்ளி,
யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்
துணியை வைத்து ஒரு இழுப்பு.

பச்சை.

கிளிப்பச்சை இல்லை. வேப்பங்கொழுந்தும் இல்லை.
அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் பாதி உயரத்துக்கு அடிப்பார்களே,
அது.
அழகில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
ஆனால் ஒரு புள்ளி துரு இல்லை.
இன்னொரு இழுப்பு. உள்ளங்கை அகலம்.
இன்னொன்று. ஒரு தட்டு அகலம்.
ஒழுகல்தான் காவல் இருந்திருக்கிறது.

படுத்தபடியே திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
"பச்சையா?"
அந்தப் பக்கம் டி.வி.யில் யாரோ அழுதார்கள்.
சத்தத்தைக் குறைத்தார்.
"பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு
வெள்ளக் கார்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா.
அடிச்சோம்."
கொஞ்சம் கழித்து,
"திரும்பி வந்தது பஸ்லதான்."
அதற்குப் பிறகு அவர் கேட்டது:
"டயரு எப்படி இருக்குது? நல்ல டயரும்மா அது."

நவ்ஷாத் சீலை மாற்றச் சொல்கிறான்.
மாற்றத்தான் வேண்டும்.
டிரான்ஸ்ஃபரோ, ரிட்டயரோ, எங்கிருக்கிறாரோ,
அந்த டைப்பிஸ்ட்
சரியாகத்தான் அடித்திருக்கிறார்.

திங்கள். கூட்டுறவு வங்கி, இரண்டாம் கவுண்ட்டர்.
சோப்பு, சாம்பல், எலுமிச்சை, சர்க்கரை
எதற்கும் மசியாத விரல்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.
நூறுநாள் வேலைப் பணம் எடுக்க வந்த மாதம்மா
ஸ்லிப்பில் நீலமாய்க் கைநாட்டு வைத்து நீட்டினார்.
நான் பிடித்த மூலையில்
ரேகை ரேகையாகக் கறுப்பு விழுந்தது.

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே
உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"உனக்கும் எழுத வராதா?"

சீல் போட்டு உள்ளே நகர்த்தினேன்.