மூணு மில்லி

புது மவுண்ட் ரெண்டும் மாட்டியாச்சு.
ஆனாலும் ஐடிலில்
ஆஸ்டினின் கியர் கம்பிக்கு
அருள் இறங்கவில்லை.
ஃபேன் இறக்கை ரேடியேட்டரை உரசுகிறது,
இடது ஓரத்தில் மட்டும்.

"ரப்பரு டூப்ளிகேட்டுங்களா?"
வண்டிக்காரி துளசிமணி.
பல்லடத்திலிருந்து மூணாவது நடை.

போல்ட்டைத் தளர்த்தி
இஞ்சினை ஜாக்கில் ஏந்தி
குறுக்குச் சட்டத்தில் ரசமட்டம் வைத்தேன்.
குமிழி நடுவுக்கு வரமாட்டேன் என்றது.
சேஸிஸே இடப்பக்கம் மூணு மில்லி தணிவு.
எந்தப் புளியமரத்தில் வாங்கிய அடியோ.

அப்போதுதான் உறைத்தது.
பழைய மவுண்டுக்கடியில் இருந்த
ரப்பர் செருப்புத் துண்டு.
"எவன் பண்ணுன கூத்துங்க இது" என்று
சிரித்துக்கொண்டே வீசியிருந்தேன்.

சிங்காநல்லூர்ப் பட்டறைக்குப் பின்னால்
டார்ச் அடித்து
குப்பையைக் கிளறினோம்,
நானும் அந்தம்மாவும்.

கிடைத்ததைத் துடைத்து வெர்னியரில் பிடித்தேன்.
ரெண்டு புள்ளி ஒன்பது.

"போதுங்களா?"

"தேஞ்சது போகத்தானுங்க."