உரப்பை

மாங்குளம் சந்தியில்
பின்னேரம் ஆறு மணிக்கு
ஜூஸ் கடை வாளி நிறைந்துவிடும்.
அன்னாசித் தோல், வத்தகப்பழக் கோது,
பிழிந்து களைத்த தேசிக்காய்ப் பாதிகள்,
ஒருபக்கம் அழுகியதால் தப்பித்துக்கொண்ட பப்பாசி.
"எடுத்துக்கொண்டு போ பிள்ளை,
இலையான் மொய்க்கிறதுக்கு முதல்"
என்பார் தயாபரன் அண்ணை.

வெள்ளை உரப்பையில் அள்ளிக் கட்டுவேன்.
ஒலுமடு பஸ்ஸில் கடைசிச் சீற் எனக்கு,
யாரிடமும் கேட்காமலே.
முதல் கிழமை மூக்கைப் பொத்திய கொண்டக்டர்
இப்போது பைக்குப் பெயரும் வைத்திருக்கிறான்:
"மாமி ஏறியாச்சோ? அப்ப போவம், றைற்."

வீட்டுக்கு வந்தாலும் கத்தியை விடமுடியாது.
மண்ணுக்குப் பல்லில்லை,
நான்தான் சின்னனாய் அரிந்து கொடுக்கவேணும்.
தேசிக்காய் அளவோடு,
கூடினால் புழு முகஞ்சுளிக்கும்.
வெங்காயத் தோல் ஒரு போத்தலில் ஊறி
மூன்றாம் நாள் வெறுந்தேத்தண்ணி நிறத்துக்கு வரும்.
வாழைத்தோல் காய்ந்து நொறுங்கினால்
தக்காளியின் காலடிக்கு.
மிச்சமெல்லாம் கிடங்குக்கு:
ஒரு படை ஈரம்,
அதற்குமேல் பாலைச் சருகு.

பலாச் சக்கையை மட்டும் தொடமாட்டேன்.
போன ஆனியில் அறியாத்தனமாய்
ஒரு பை கொட்டினேன்.
விடிய எழும்பினால் பின்வேலி இல்லை.
வந்தவர்
குவியலைப் பிரித்து, வேண்டியதை எடுத்து,
கத்தரிக் கன்று ஒன்றையும் மிதிக்காமல்
காட்டுக்குத் திரும்பியிருந்தார்.
அந்த மிதிக்காத கதையை
மகன் இன்னும் பள்ளிக்கூடத்தில் சொல்கிறான்.
நான் கட்டைக்கும் கம்பிக்கும் போன காசைச் சொல்கிறேன்.

பையை உதறிக் கழுவிக்
கொடியில் போடும்போது
சிலவேளை சிரிப்பு வரும்.
இதற்குள் உரம் இருந்து நான் கண்டதேயில்லை.
எங்களுக்கு உரப்பை என்றால்
உடுப்பு, அரிசி, பிறப்புப் பதிவு,
அம்மாவின் தையல் மெசின் தலை.
மண் நிரப்பி
ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிறோம்.
விரித்துப் படுத்திருக்கிறோம்.
கூரைக் கிழிசலுக்கு வைத்துத் தைத்திருக்கிறோம்.
இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று
ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லை.
கேட்க நேரமும் இருக்கவில்லை.

இந்த மாரிக்கு
ஆறு பைகளின் வாயை மடித்துவிட்டு
கிடங்கின் கறுத்த மண்ணை நிரப்பி
பயற்றை ஊன்றினேன்.
ஐந்தில் பயற்றை.
ஆறாவதில், பயற்றையோடு
நான் ஊன்றாத ஒன்றும் முளைத்திருக்கிறது.
வத்தகையோ, கெக்கரியோ,
கண்டி வீதியில் போன யாரோ
வெயிலுக்கு இறங்கிக் குடித்துவிட்டுப் போனதன் விதை.
"பிடுங்கி எறியும், பயற்றையின்ர சாப்பாட்டை
அதெல்லோ தின்னுது" என்கிறார் இவர்.
தின்னட்டும்.
மூன்றாம் இலை விரிந்தால்
யாரென்று தெரியும்.

நாளைக்கு வியாழன்,
கடைக்குக் கொய்யா வருகிற நாள்.
கத்தி மொட்டையாய்க் கிடக்கிறது.